ஞானப்பல்லின் வேர்கள்



சிவகாசிப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எப்பொழுதும் கன்னத்தில் கை வைத்தவாறே பாடம் கேட்பான். பட்டாசுத் தொழிலாளியின் மகன். சோம்பேறி என்று கருதிப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்த பின்னரே உண்மை புலனாயிற்று. கீழ்த்தாடையின் கோடியில் ஞானப்பல் படுத்தவாறு வளர்ந்து, முன்னிருந்த பல்லை நெருக்கிக்கொண்டிருந்தது. அன்று நான் அடைந்த நாணமே இப்பொருளைக் கற்கத் தூண்டிற்று.

ஞானப்பல் என்பது மூன்றாம் கடைவாய்ப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைப்பது. சிலருக்கு முளைப்பதே இல்லை. இறுதியில் வருவதால் இதற்கு இடம் போதாமற் போகிறது. இதன் வேர்களோ ஒரு நெறிக்குள் அடங்குவதில்லை. கீழ்ப்பல்லுக்கு இரண்டு, மேற்பல்லுக்கு மூன்று என்று பொதுவாகச் சொல்வர். ஆயினும் அவை ஒன்றோடொன்று ஒட்டியும், கொக்கிபோல் வளைந்தும் இருப்பதுண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பிடுங்கப்பட்ட 300 ஞானப்பற்களைச் சாயமேற்றிப் பார்த்தனர். ஒற்றை வேர் உடையனவும் இருந்தன. நான்கு வேர் உடையனவும் இருந்தன.

நம்மூர் வெடியினுள் திரி இறங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோல வேரினுள்ளே நுண்ணிய குழல் ஓடுகிறது. அதில் நரம்பும் குருதிக்குழாய்களும் உள்ளன. சொத்தை அங்கே எட்டினால் வலி கடுமையாகும். பல்லைக் காப்பாற்ற வேண்டுமாயின் குழல்கள் அனைத்தையும் துப்புரவு செய்து அடைக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நோய் மீளக்கூடும்.

எக்ஸ்-கதிரை ராண்ட்ஜன் 1895-இல் கண்டறிந்தார். சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் வால்காஃப் தம் வாயிலேயே பற்களைப் படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாதிருக்க நேர்ந்தது. எனினும் அத்தகைய படம் நிழலே. இரு விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் சுவரில் ஒரு நிழல்தானே விழும்? அவ்வாறே ஒரு வேர் மற்றொன்றை மறைத்துவிடும். 1990-களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த கூம்புக்கற்றைக் கணினிப் படம் இக்குறையைப் போக்கிற்று. கருவி தலையைச் சுற்றிவந்து பல கோணங்களில் படமெடுக்க, கணினி அவற்றை முப்பரிமாண உருவாக்குகிறது. ஆனால் சாதாரணப் பற்படத்தினும் இதில் கதிர்வீச்சு மிகுதி. ஆதலின் தேவை உள்ளவர்க்கே எடுப்பர்.

அம்மாணவனுக்குத் தேவை இருந்தது. வேர்நுனியும், கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் முதற்படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. நரம்பு ஊறுபட்டால் உதடு மரத்துப்போகலாம். மதுரையில் எடுத்த முப்பரிமாணப் படத்தில் நரம்பு சற்று விலகிச் செல்வது தெரிந்தது. பல்லை அகற்றினர், உதட்டுக்கு ஊறில்லை. அவன் தேர்வும் எழுதினான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கடைவாயில் வலி கண்டால் கிராம்பை வைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தாதீர்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். ஒருவன் கன்னத்தில் கை வைத்திருந்தால், காரணத்தை முதலில் கேளுங்கள். ஒரு பக்கத்து நிழலைக் கண்டு முடிவு கட்டலாகாது என்பதை நான் என் மாணவனிடமே கற்றேன்.