சம்பளம் ஐநூறு ரூபாய் கூடினால் மருத்துவக் காப்பீடு பறிபோகலாமா?

(இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, வேலைக்குப் போற ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் அனுப்புங்க.)



மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த நிர்வாகிகளே, ஷிஃப்ட் முடிச்சு சாப்பிடாமக்கூட நேரா இங்கே வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே! இன்னைக்கு நான் யாரையும் திட்டிப் பேச வரல. ஒரு கணக்கு சொல்ல வந்திருக்கேன். பொறுமையாக் கேளுங்க, ஏன்னா இது உங்க பாக்கெட்டுல இருந்து போற காசு பத்தின கணக்கு.

முதல்ல நாட்டுக் கணக்கு. மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கைப்படி, 2013-14இல் இந்த நாட்டில் மருத்துவத்துக்கு ஆன மொத்தச் செலவில் 64.2 சதவீதத்தை மக்களே கையிலிருந்து கொடுத்தாங்க. 2021-22இல் அது 39.4 சதவீதமாக் குறைஞ்சது. குறைஞ்சது நல்லதுதான், மறுக்கல. ஆனா இன்னமும் நூறு ரூபாய் மருத்துவச் செலவுல 39 ரூபாய் நம்ம வீட்டுக் காசு. அதுல நகை அடகும் இருக்கு, கந்துவட்டியும் இருக்கு.

யாருக்குப் பாதுகாப்பு இருக்குன்னு பாருங்க. குடும்பத்தோட ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. எழுபது வயசு ஆனவங்களுக்கு, 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பே இல்லாம 5 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்கு. நம்ம தாத்தா பாட்டிக்குக் கிடைக்கிறதுல நமக்கு மகிழ்ச்சிதான். ஆனா இருபத்தைந்து வயசுப் பையனுக்கு, பொண்ணுக்கு என்ன இருக்கு? குடும்பத்துக்கே மாசம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல வந்தா முதல் திட்டம் இல்லை. எழுபது வயசாக இன்னும் நாற்பத்தஞ்சு வருஷம் இருக்கு! நிதி ஆயோக் 2021இல் சொன்னது: எந்தக் காப்பீடும் இல்லாம நடுவுல மாட்டிக்கிட்டவங்க மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம், ஏறத்தாழ 40 கோடி பேர்.

இந்த நடுப்பகுதியில இளைஞர்களுக்குன்னு இருக்கிற ஒரே உருப்படியான பாதுகாப்பு ஈஎஸ்ஐ. அதுலதான் இப்போ பெரிய ஓட்டை.

ஒரகடத்துலயோ ஓசூர்லயோ வேலை பார்க்கிற ஒரு தம்பின்னு வச்சுக்குவோம். சம்பளம் 20,800 ரூபாய். அதுல 0.75 சதவீதம், அதாவது 156 ரூபாய், ஈஎஸ்ஐக்குப் பிடிப்பாங்க. கம்பெனி 3.25 சதவீதம், 676 ரூபாய் கட்டும். மொத்தம் 832 ரூபாய். இதுக்கு என்ன கிடைக்குது? அவருக்கும், மனைவி, பிள்ளைகளுக்கும், அவரை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை. காய்ச்சலுக்கு மருந்து வாங்குறதுல இருந்து ஆபரேஷன் வரைக்கும். இத்தனை லட்சத்தோட நிறுத்திக்கோன்னு உச்சவரம்பு கிடையாது. உடம்பு முடியாம வீட்டுல இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும்.

அடுத்த வருஷம் கம்பெனி 500 ரூபாய் ஏத்திக் கொடுக்குது. சம்பளம் 21,300. ஈஎஸ்ஐ வரம்பு 21,000. அவ்வளவுதான், தம்பி வெளியே! அந்தப் பங்களிப்புக் காலக் கணக்கு முடியற வரைக்கும் சில மாசம் ஓடும். அப்புறம் கார்டு செல்லாது. ஐநூறு ரூபாய் கூடினதுக்கு மொத்தக் குடும்பமும் காப்பீட்டை இழக்குது. இதைச் சம்பள உயர்வுன்னு சொல்வீங்களா, அபராதம்னு சொல்வீங்களா?

சரி, தனியாரில் பாலிசி எடுத்துக்கோன்னு சொல்றாங்க. பெற்றோருக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயசு ஆயிட்டா பிரீமியம் எகிறும். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் வைக்கலாம். வழக்கமான பாலிசியில 24 மணி நேரம் படுக்கையில சேர்ந்தாத்தான் காசு. இளைஞர்களுக்கு அதிகம் ஆகுற செலவு டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், மருந்து. அதெல்லாம் பெரும்பாலும் சொந்தக் காசு. அறை வாடகை வரம்பு இருக்கிற பாலிசின்னா இன்னும் மோசம். நாளுக்கு 5,000 ரூபாய் அறைதான் அனுமதி, நீங்க 10,000 ரூபாய் அறையில இருந்தீங்கன்னா, அறை வாடகையோட போகாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாத்தையும் பாதியாக் குறைப்பாங்க. காப்பீடு இருந்தும் கடன் வாங்குறது இப்படித்தான்.

ஈஎஸ்ஐ வரம்பை உயர்த்த முடியாதான்னு கேட்டா, முடியும். 2006இல் 10,000 ஆக்கினாங்க. 2010இல் 15,000 ஆக்கினாங்க. 2017 ஜனவரியில் 21,000 ஆச்சு. அதோட நின்னுபோச்சு. 2017இல் டீ என்ன விலை, வீட்டு வாடகை என்ன? இன்னைக்கு என்ன? எல்லாம் ஏறிடுச்சு, இந்த ஒரு எண் மட்டும் அசையல. இதுக்கு நாடாளுமன்றத்துல புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மத்திய அரசு ஒரு அறிவிப்பாணை போட்டா போதும். ஆனா ஒவ்வொரு தடவையும் அரசு மனசு வைக்கிற வரைக்கும் தொழிலாளி காத்திருக்கணுமா? அதனாலதான் நாம அறிவிப்பாணையோட நிக்காம, சட்டத் திருத்தமே கேட்கிறோம்.

நம்முடைய கோரிக்கைகள் நான்கு.

ஒன்று. ஈஎஸ்ஐ வரம்பை உடனே உயர்த்த வேண்டும். அதோடு, விலைவாசிக்கு ஏற்ப இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது தானாகவே உயரும்படி சட்டத்திலேயே எழுத வேண்டும். வரம்பைத் தாண்டியவர் விரும்பினால் பங்களிப்பைக் கட்டித் தொடரவும் வழி வேண்டும். காசு எங்கேன்னு கேப்பாங்க. இது பெரும்பாலும் பங்களிப்பில் ஓடுற திட்டம். உள்ளே வர்ற ஒவ்வொருத்தரும் காசோடதான் வர்றார். இளைஞர்கள் கட்டுறது அதிகம், சிகிச்சை எடுக்கிறது குறைவு. அவங்களை வெளியே தள்ளினா திட்டத்துக்குத்தான் நஷ்டம். சிறு தொழில் நடத்துறவங்களுக்குச் சுமை வரும்னு திருப்பூர்ல கேட்டாங்க. நியாயமான கேள்வி. படிப்படியாக உயர்த்தினால் அந்தச் சுமையைத் தாங்க முடியும்.

இரண்டு. ஈஎஸ்ஐயில் இருக்கிற தொழிலாளியின் மகன் படிச்சுக்கிட்டிருந்தாலும் 21 வயசோட அவனுக்குச் சிகிச்சை நின்னுடும். இன்ஜினியரிங் முடிச்சு வேலை தேடுற வயசு அது! அமெரிக்காவுல 2010இல் வந்த சட்டம், பிள்ளைகள் 26 வயசு வரைக்கும் பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம்னு சொல்லுது. தனியார் ஆஸ்பத்திரி ராஜ்ஜியம் நடக்கிற நாட்டிலேயே இது முடியுதுன்னா, இங்கே ஏன் முடியாது? 21 என்பதை 26 ஆக்குங்கள். மகனுக்கு மட்டுமல்ல, படிக்கிற, வேலை தேடுகிற எல்லாருக்கும்.

மூன்று. உணவு டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டுற தம்பிகள். நிதி ஆயோக் கணக்குல 2020-21இல் நாடு முழுக்க எல்லா வகை கிக் தொழிலாளர்களும் சேர்த்து 77 லட்சம் பேர். 2029-30இல் இது 2.35 கோடி ஆகும்னு அவங்களே சொல்றாங்க. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல்தான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் கொடுக்கணும்னு அதுல இருக்கு. ஆனா திட்டம் பத்தி வர்ற இடத்துல என்ன வார்த்தை தெரியுமா? அரசு திட்டம் 'வகுக்கலாம்'. 'வகுக்க வேண்டும்' இல்லை. அந்த ஒரு வார்த்தையை மாத்தணும். மாநிலத்திலும் வேலை இருக்கு. ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் போட்டது. கர்நாடகம் 2025இல் போட்டது, அங்கே ஒவ்வொரு ஆர்டருக்கும் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் வசூலிக்கலாம். தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கு. அதுக்குக் கட்டணம் வசூலிக்கிற அதிகாரத்தோட தனிச் சட்டம் வேணும். விபத்தானா முதல் 48 மணி நேரம் நம்ம மாநிலத்துல இலவச சிகிச்சை உண்டு, பெருமையாச் சொல்லலாம். நாற்பத்தொன்பதாவது மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

நான்கு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துட்டாங்க. எட்டு வருஷம் கழிச்சாவது எடுத்தாங்களே, சரி. ஆனா கம்பெனி மூலமா எடுக்கிற குழுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கு. அப்பா அம்மாவைச் சேர்க்க உங்க சம்பளத்துல 20,000 ரூபாய் பிடிச்சா, அதுக்கு மேல 3,600 ரூபாய் வரி. இதையும் நீக்க வேண்டும். எடுத்த வரியை அடிப்படை பிரீமியத்தில் ஏற்றிவிடாமல் கண்காணிக்கவும் வேண்டும்.

இன்னொன்னையும் மறைக்காமச் சொல்லணும். ஈஎஸ்ஐ மருந்தகத்துல மணிக்கணக்கா நிக்கிறோம், மருந்து இல்லைங்கிறாங்கன்னு நீங்க சொல்றது எனக்குத் தெரியும். வரம்பை மட்டும் உயர்த்திட்டு டாக்டரையும் படுக்கையையும் கூட்டலைன்னா அது ஏமாத்து வேலை. அதனால நம்ம கோரிக்கை மனுவுல காலிப் பணியிடங்களை நிரப்புறதும் சேர்ந்தே இருக்கும்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது மூணு வேலை. வீட்டுக்குப் போனதும் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. சம்பளம் 21,000க்குள்ள இருந்து, கம்பெனியில பத்துப் பேருக்கு மேல இருந்தும் ஈஎஸ்ஐ பிடிக்கலைன்னா நம்ம கிளை நிர்வாகியிடம் சொல்லுங்க, நாம மனு எழுதித் தர்றோம். டெலிவரி வேலை செய்றவங்க இ-ஷ்ரம் தளத்துலயும் மாநில வாரியத்துலயும் பதிவு பண்ணிடுங்க. பேர் பட்டியல்ல இல்லாதவங்களுக்கு நாளைக்குச் சட்டம் வந்தாலும் பலன் வராது. மூணாவது, வரம்பைத் தாண்டி ஈஎஸ்ஐ போனவங்க உங்க கதையை இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம். எந்த வருஷம், எவ்வளவு சம்பளம், அதுக்கப்புறம் கையிலிருந்து எவ்வளவு செலவு, அது போதும். அத்தனையையும் தொகுத்து நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் கொடுப்போம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

இலவசம் கேட்கிறாங்கன்னு சொல்வாங்க. நாம கேட்கிறது இலவசம் இல்லை. உழைச்சு, பங்களிப்பும் கட்டுற இளைஞன், சம்பளம் உயர்ந்த ஒரே காரணத்துக்காக ஆஸ்பத்திரி வாசல்ல கடன்காரனா நிக்கக் கூடாதுங்கிறோம். அதுக்குச் சட்டம் வேணும், வாங்கியே தீருவோம்.



#ஈஎஸ்ஐ_வரம்பை_உயர்த்து #இளைஞர்_நலக்_காப்பீடு