சின்ன ஸ்டேஷனில் இறங்கிய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"லண்டன்ல வேலை பார்த்த அனுபவத்தைப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். வேலை அனுபவம் என்றால் பம்ப், வால்வு, டிராயிங், மறுபடியும் டிராயிங். அதைச் சொன்னால் நீங்கள் வகுப்பில் தூங்கியது போல இங்கேயும் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு பாதாள ரயில் நிலையத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் லாம்பெத் நார்த். லண்டன் போய்வந்தவர்கள் பலரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

2018-ல் நான் வெம்பிளியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதற்கு முந்தைய வருடம் அம்மா தவறிவிட்டார். அப்பா ஊரில் தனியாக இருந்தார். ஒரு மாதம் வந்து இருங்கள் என்று டிக்கெட் எடுத்து அனுப்பினேன். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விருதுநகர் - தென்காசி பாதையில், மீட்டர் கேஜ் காலத்தில், ஒரு சின்ன ஸ்டேஷனில் பல வருடம் இருந்தார். நானும் ரயில்வே பரீட்சை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. நான் எழுதவில்லை. அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்றால் அம்மா வழியாகத்தான். "அப்பா கேக்குறாருடா", "அவன் சொல்றாங்க" என்று நடுவில் லைன் கிளியர் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா இப்போது இல்லை. ஒரே அறையில் இரண்டு பேர், பேசத் தெரியாமல்.

முதல் ஞாயிறு நான் செய்தது பெரிய தவறு. எல்லோரும் போகிற இடத்துக்கெல்லாம் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். ஒரு பெரிய ஜங்ஷன் ஸ்டேஷனில் வண்டி மாறும்போது கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து அவரைக் கண்டுபிடித்தபோது சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "உனக்கு என்ன அவசரம்?" என்றார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அதை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த நான்கு நாள் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஐந்தாம் நாள் இரவு மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெம்பிளி சென்ட்ரலில் ஏறினால் மாறவே வேண்டாம் என்ற பேக்கர்லூ பாதை ஒன்றுதான் கண்ணில் பட்டது. அது எலிஃபண்ட் அண்ட் காசிலில் முடிகிறது. அதற்கு முந்தைய ஸ்டேஷன் லாம்பெத் நார்த். வாட்டர்லூவில் பாதி ரயில் காலியாகிவிடும், அடுத்ததில் இறங்குவோர் கொஞ்சம் பேர்தான். மத்திய லண்டனில் கூட்டம் குறைந்த நிலையங்களில் அது ஒன்று. சரி, அங்கே இறங்கி நடப்போம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். பேக்கர்லூவில் ஓடுவது 1972-ம் வருட மாடல் வண்டிகள். லண்டன் பாதாள ரயில்களில் மிகப் பழையவை அவைதான். இன்றும் ஓடுகின்றன. வண்டி சுவரை உரசுவது போலக் கிறீச்சிட்டபோது அப்பா நாலு நாளில் முதல் முறையாக வாய் திறந்தார். "இது உன்னைவிட மூத்த வண்டிடா." நான் தலையாட்டினேன். அதற்கு மேல் பேசி அதைக் கெடுக்க விருப்பமில்லை.

லாம்பெத் நார்த்தில் எங்களோடு இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களும் லிஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள். பிளாட்ஃபாரத்தில் நாங்கள் மட்டும். அப்பா நிதானமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார், ரவுண்ட்ஸ் போகிறவர் போல. ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். லிஃப்ட் உண்டே தவிர, படியே ஏறாமல் வெளியே வந்துவிட முடியாது.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் ஸ்டேஷன் கட்டடம் முழுக்க மாட்டு ரத்தச் சிவப்பில் பளபளப்பான ஓடு பதித்திருக்கும். வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன். இதே பாணியில் சுமார் 50 நிலையங்களை நாலைந்து வருடத்தில் வரைந்து முடித்தவர். பிற்காலத்தில் மேலே மாடி கட்ட வசதியாக எஃகுச் சட்டம் போட்டு, தட்டையான கூரை வைத்தார். பிளாட்ஃபாரத்துச் சுவர் ஓடுகளில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு தனி வடிவம். 1908-ல் இறந்தபோது அவருக்கு வயது 33. நான் ஒரு ஃபிளாஞ்ச் டிராயிங்கை ஆறு முறை திருத்தினவன். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஸ்டேஷன் 1906 மார்ச் 10-ல் கென்னிங்டன் ரோடு என்ற பெயரில் திறந்தது. அன்றைக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். ஆகஸ்டில் பாதை எலிஃபண்ட் வரை நீண்டபோது கடைசி என்ற பெருமையும் போனது, பெயரும் மாறியது. 1917-ல் மறுபடி மாற்றி லாம்பெத் ஆக்கினார்கள். அப்பாவிடம் சொன்னேன். "போர்டு எழுதுறவனுக்கு நல்ல வருமானம்" என்றார்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் போர் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். வாசலில் 15 அங்குலக் கப்பல் பீரங்கிகள் இரண்டு நிற்கின்றன. ஒன்று சுமார் 100 டன். அப்பா அதன் கீழே நின்று, "எம்டன் இப்படித்தான் இருந்திருக்குமோ" என்றார். எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதன் பீரங்கி 10.5 சென்டிமீட்டர், இது 38 சென்டிமீட்டர் என்று கணக்குச் சொன்னேன். "அந்தச் சின்னதுக்கே ஊரைக் காலி பண்ணிட்டு ஓடினாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றவர், தாத்தாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எனக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது.

அந்தக் கட்டடத்துக்கு வேறொரு கதை உண்டு. 1815 முதல் 1930 வரை அது பெத்லெம் மனநல மருத்துவமனை. ஆங்கிலத்தில் பெட்லம் என்றால் கூச்சல் குழப்பம் என்று பொருள் வந்தது அந்த மருத்துவமனையின் பெயரிலிருந்துதான். 1936-ல் அருங்காட்சியகம் அங்கே வந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போரைப் பற்றிக் காட்டுவது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பூங்காவில் ஒரு திபெத்தியத் தோட்டம். 1999-ல் தலாய் லாமா திறந்துவைத்தது. அங்கே ஒரு கல்தூணில் அவருடைய செய்தியை நான்கு மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள், அதில் இந்தியும் ஒன்று. இன்கிரிமென்டுக்காகப் படித்த இந்தி அப்பாவுக்கு இருந்தது. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்து, எனக்குத் தமிழில் சொன்னார். லண்டனில் அவர் எனக்கு வழிகாட்டியாக இருந்தது அந்த ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவருடைய முதுகு நிமிர்ந்துவிட்டது.

திரும்பும்போது வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோட்டில் 121-ம் எண் கட்டடத்தைக் காட்டினேன். 1902 முதல் 1941 வரை அது பிணங்களுக்கான ரயில் நிலையத்தின் வாசல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லண்டனில் சுடுகாட்டுக்கு இடம் போதாமல் புரூக்வுட் என்ற ஊரில் பெரிய கல்லறைத் தோட்டம் அமைத்து, அங்கே ரயில் விட்டார்கள். பிணத்துக்கும் வகுப்பு உண்டு. உறவினர்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட், பெட்டிக்குள் இருப்பவருக்கு ஒருவழி டிக்கெட். 1941 ஏப்ரலில் குண்டு விழுந்து நிலையம் அழிந்தது, வாசல் கட்டடம் மட்டும் நிற்கிறது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த புக்கிங் கிளார்க்கை நினைச்சுப் பாருடா, கன்செஷன் கேட்டா என்ன சொல்லியிருப்பான்!"

பக்கத்தில் லண்டன் ரோடு டிப்போவும் இருக்கிறது. பேக்கர்லூ வண்டிகள் தெரு மட்டத்துக்குக் கீழே திறந்தவெளியில் நிற்கும் இடம். அதையும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போனோம். சுவர் உயரம், சத்தம் மட்டும்தான் கேட்டது. "ஷன்டிங் நடக்குது" என்று சொல்லி, பத்து நிமிடம் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போகிறவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அவர் ஊர் திரும்பும் வரை நான்கு முறை அங்கேதான் இறங்கினோம். வாட்டர்லூ, தேம்ஸ் கரை, வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் எல்லாம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். லண்டன் ஐயின் வரிசையைப் பாலத்தில் நின்று பார்த்தோம், ஏறவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

2020 ஜனவரியில் அப்பா காலமானார். பீரோவை ஒழித்தபோது 2018-ம் வருட டைரி கிடைத்தது. வேறெந்த இடத்தைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை. ஐந்து தேதிகளில் மட்டும், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், "லாம்பெத் நார்த்" என்று எழுதி, எங்கள் வண்டி வந்த நேரமும் திரும்பிய நேரமும் நிமிட சுத்தமாகப் போட்டிருந்தார். ரிமார்க்ஸ் என்று கோடு கிழித்து, ஐந்து நாளும் "மகன் உடன்" என்று எழுதியிருந்தார்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் இன்டர்ன்ஷிப்புக்கு லண்டன் போவதாக இங்கே வந்ததும் சொன்னார்கள். தம்பி, சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். என்னிடம் இரண்டு ஆய்ஸ்டர் கார்டு இருக்கிறது, ஒன்றில் கொஞ்சம் காசும் இருக்கும். எங்கே இறங்க வேண்டும் என்பதுதான் தெரியுமே.