அன்றாட வாழ்வில் நமது சாட்சி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் சங்கச் செபக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நூறு ஆண்டுகளாக நம் சங்கத்தைக் காத்து நடத்திய கடவுளுக்கு நன்றி செலுத்தும் இந்நாளில், அன்றாட வாழ்வில் நற்செய்தியை அறிவித்தல் என்ற பொருளில் பேசும்படி எங்கள் குழுவைக் கேட்டார்கள். கேட்டபோது எங்களுக்கு மகிழ்ச்சியை விடக் கூச்சமே அதிகமாக இருந்தது. எங்களில் எவரும் பிரசங்கிகள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒரு தாதி, வங்கியில் வேலை செய்த ஒருவர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள். ஆகவே பிரசங்கம் செய்யாமல், எங்களுக்குள் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கணவர் காலமானார். தோழி சைவக் குடும்பத்தவள். விடுதியில் எங்களோடு இருந்து, காலைச் செபத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்று ஞானப்பாட்டுப் பாடியவள். செத்தவீட்டுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். தேத்தண்ணிக் கோப்பை கழுவினோம். எட்டுச் செலவு வரை போய் வந்தோம். அந்தியேட்டி முடிந்து சில நாட்களின் பின், அவள் எங்கள் குழுவில் உள்ள ஒருவரைத் தேடி வந்தாள். இவரும் கணவரை இழந்தவர்.

"உன்ரை மனுசன் போனபோது நீ எப்பிடியடி இரவிலை நித்திரை கொண்டனீ? நீ செபம் பண்ணுறனீ எல்லோ, என்ன சொல்லிச் செபிச்சனீ?" என்று கேட்டாள்.

எங்கள் சகோதரிக்கு அதற்கு மறுமொழி தெரியும். அந்த இரவுகளில் தம்மைத் தாங்கியவர் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால், "காலம் போகப் போக எல்லாம் ஆறும்" என்று சொல்லி, தேத்தண்ணி வைக்க எழும்பிப் போய்விட்டார். தோழி குடித்துவிட்டுப் போனாள். அன்றிரவு நித்திரை வராமல் கிடந்தவர் எங்கள் சகோதரிதான்.

அடுத்த செபக்கூட்டத்தில் அவர் இதை அழுதபடி சொன்னார். அவரைத் தேற்ற முயன்ற நாங்கள், ஒவ்வொருவராக இதே போன்ற ஒன்றைச் சொல்லத் தொடங்கினோம். கேட்டவளுக்குச் சொல்லாமல் விட்ட குற்றம் எங்கள் எல்லாரிடமும் இருந்தது.

ஏன் சொல்லாமல் விடுகிறோம்? பயமும் கூச்சமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் மண்ணின் வரலாறு. பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர் அவர்களே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சமயம் மாறுவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. அன்று சோற்றுக்கும் சம்பளத்துக்குமாகத் திருமுழுக்குப் பெற்றவர்களும் உண்டு. யுத்தமும் சுனாமியும் வந்த காலங்களிலும் நிவாரணப் பொதியோடு துண்டுப்பிரசுரம் கொடுப்பதா என்ற கேள்வி நம்மிடையே எழுந்தது. எங்கள் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம். பசித்தவருக்குக் கொடுக்கும் அரிசியோடு நிபந்தனை எதையும் கட்டக்கூடாது. உதவி வேறு, அழைப்பு வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

ஆனால் தூண்டில் போடக்கூடாது என்பதற்காக, கேட்டவளுக்கும் வாய் திறக்காமல் இருப்பது மரியாதை ஆகாது. தோழி நம்மிடம் நம்பி வந்து கேட்கும்போது, நமக்குள் இருப்பதை ஒளித்து வைத்தால் அது நட்புக்கே குறைவு.

வேதாகமத்தில் நாகமானின் வீட்டில் இருந்த சிறுபெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுடைய பெயர்கூட எழுதப்படவில்லை. யுத்தத்தில் சிறைபிடிக்கப்பட்டு, அந்நிய தேசத்தில், தன் ஊரைக் கொள்ளையிட்டவர்களின் வீட்டில் வேலை செய்தவள். இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்கு அவளுடைய நிலை புரியும். எசமானின் நோயைக் கண்டு அவள் மகிழவில்லை. சமாரியாவில் உள்ள தீர்க்கதரிசியிடம் போனால் சுகம் கிடைக்கும் என்று எசமாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்த ஊழியம். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு படைத்தலைவன் பயணம் புறப்பட்டான். அவள் அந்த வீட்டில் பொய்யும் களவுமாக நடந்திருந்தால் அவளுடைய சொல்லை யார் கேட்டிருப்பார்கள்? அவளுடைய வேலையும் குணமும் முதலில் பேசின. வாய் பின்னர் பேசியது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலைக்கு 1840 இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்தார். 1879 வரை அங்கே பணியாற்றினார். அவ்வளவு காலத்திலும் ஒரு தடவையேனும் விடுமுறையில் தம் நாட்டுக்குத் திரும்பவில்லை. தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். ஆயிரம் என்பது பெரிய கூட்டம்தான். ஆனால் ஒரே நாளில் மேடை போட்டுச் சேர்த்த கூட்டம் அல்ல அது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் தங்கி, ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி அறிந்ததால் வந்தது.

ஆகையால் தனிப்பட்ட நற்செய்திப் பணி என்பது பெரிய காரியம் என்று நாம் பயப்படத் தேவையில்லை. எங்கள் அனுபவத்தில் கண்ட சில வழிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒருவருக்காகச் செபியுங்கள். ஊர் உலகம் எல்லாவற்றுக்குமாகச் செபிப்பது இலகு. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியின் பெயரைச் சொல்லித் தினமும் செபித்துப் பாருங்கள். நாலு நாளில் அவளுடைய கால்வலியும் மகனின் வேலைப் பிரச்சினையும் உங்களுக்குத் தெரிய வந்துவிடும்.

இரண்டாவது, வேலிக்கு அந்தப் பக்கத்தார் நம்மை என்னவென்று அறிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சீட்டுக் காசை நாளுக்குக் கட்டுகிறோமா? ஒருவர் நம்பிச் சொன்ன கதை நம் வீட்டுப் படலையைத் தாண்டாமல் இருக்கிறதா? வேலைக்கு வருகிறவருக்கு இன்னும் தனிக் கோப்பை வைத்திருக்கிறோமா? தனிக் கோப்பை இருக்கும் வீட்டில் கிறிஸ்துவின் அன்பைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. திருச்சபையாராகிய நாம் இந்த விடயத்தில் வெட்கப்பட வேண்டியது நிறைய உண்டு.

மூன்றாவது, பெற்றுக்கொள்ளவும் பழகுங்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒரு சைவக் குடும்பம் அவர்களுக்குத் திண்ணையையும் அடுப்பையும் தந்தது. காலையில் அந்த வீட்டு அம்மா சாமிக்குப் பூ வைத்துவிட்டு வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தார். மற்றவர்களுக்குக் கொடுக்க மட்டுமே நாம் அனுப்பப்பட்டோம் என்ற எண்ணம் அந்தத் திண்ணையில் எங்களை விட்டுப் போயிற்று. அந்த மரியாதை இல்லாமல் யாரிடமும் நற்செய்தி பேச முடியாது.

நான்காவது, முதலில் கேளுங்கள், பின்பு உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள். இரட்சிப்பு, மீட்பு என்ற சொற்கள் ஆலயத்துக்குள் நமக்குப் பழக்கம். கிணற்றடியில் அவை புரியாது. எனக்கு இப்படி நடந்தது, இப்படிச் செபித்தேன், இவர் என்னைக் கைவிடவில்லை என்று சொன்னால் போதும். தண்ணீர் அள்ள வந்து குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிய சமாரியப் பெண்ணும் விவாதம் செய்யவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்லி, வந்து பாருங்கள் என்று அழைத்தாள்.

ஐந்தாவது, முடிவைக் கடவுளிடம் விடுங்கள். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று கணக்கு வைக்க ஆண்டவர் நம்மிடம் கேட்கவில்லை.

கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உங்களுக்கு ஆலயம் உண்டு, தமிழ் ஆராதனையும் உண்டு. ஆனால் அடுத்த தெருவில், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் யன்னல் ஓரத்தில் தனியே இருக்கும் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். காலையில் வட்ஸ்அப்பில் வசனப்படம் அனுப்புவது நல்லதுதான். ஆனால் அது அவருடைய கதவைத் தட்டாது. ஒரு மீன்குழம்போடு நீங்கள் போய்த் தட்டுங்கள். சமயம் பார்த்துப் போகாதீர்கள். தனிமையைப் பார்த்துப் போங்கள்.

முதலில் சொன்ன தோழியின் கதையை முடிக்கவில்லை. எங்கள் சகோதரி அடுத்த கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனார். "அண்டைக்கு நீ கேட்டனீ, நான் மறைச்சுப்போட்டன்" என்று மன்னிப்புக் கேட்டார். தாம் இரவில் எப்படிச் செபித்தார் என்பதைச் சொன்னார். மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயடி" என்றாள்.

அவள் இன்றும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறாள். ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும், நாங்கள் கூடுமுன், எங்கள் சகோதரிக்குத் தொலைபேசி எடுத்து, "எனக்காகவும் ஒருக்கால் செபியுங்கோ" என்கிறாள். நாங்கள் செபிக்கிறோம். மீதி கடவுளுடைய வேலை.

அன்பானவர்களே, நம் சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டு தொடங்குகிறது. பெரிய திட்டம் எதையும் நாங்கள் முன்வைக்கவில்லை. இந்த ஓர் ஆண்டுக்கு ஒரே ஒருவரை மனதில் எடுத்துக்கொள்வோம். அவருக்காகச் செபிப்போம், அவரிடம் போவோம், அவர் பேசுவதைக் கேட்போம். அவர் கேட்கும் நாளில் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போகாமல், அவர் பக்கத்திலேயே இருந்து மறுமொழி சொல்வோம்.

அதற்கான கிருபையைக் கடவுள் நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென்.