விரட்டப்பட்டவன் எந்த ஊருக்குப் போவான்?



பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவன் பள்ளிக்கூடத்துக்கு அருகில் குடியிருக்கக் கூடாது, நம் சொசைட்டிப் பக்கமே வரக் கூடாது, அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று இங்கே புனேயில் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

2025 பிப்ரவரி 25, விடியற்காலை. புனே ஸ்வார்கேட் பேருந்து நிலையத்தில், ஊருக்குப் போக வந்த ஒரு பெண் அங்கே நிறுத்தி வைத்திருந்த சிவ்ஷாஹி அரசுப் பேருந்துக்குள் வன்கொடுமைக்கு ஆளானாள். கூப்பிடு தூரத்தில் காவல் நிலையம்! குற்றம் சாட்டப்பட்டவன் ஷிரூர் பக்கம் பிடிபட்டான். அவன் மேல் முன்பே பதிவாகியிருந்தவை திருட்டு, வழிப்பறி வழக்குகள். நீங்கள் கேட்கும் சட்டம் அன்றைக்கு அவனைத் தொட்டிருக்குமா? நிலையக் காவலாளிகளை மாற்றச் சொல்லிப் போக்குவரத்து அமைச்சர் உத்தரவு போட்டார், எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ஊரை விட்டு விரட்டுவது மராட்டிய மண்ணுக்குப் புதிதா? 1951-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தில் தடீபார் என்னும் ஊர்நீக்கம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வரை ஒருவனை மாவட்டத்துக்கு வெளியே நிறுத்தலாம். புனேயில் விரட்டினால் அவன் சாத்தாராவில் இறங்குவான், சோலாப்பூரில் இறங்குவான். அங்கே பெண் பிள்ளைகள் இல்லையா?

அமெரிக்காவில் மயாமி வட்டாரம் 2005-ல், பாலியல் குற்றவாளிகள் பள்ளிக்கூடத்திலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று எல்லை போட்டது. தண்டனை முடிந்து வந்தவர்கள் குடியிருக்க வீடு கிடைக்காமல் கடல் பாலத்தடியில் கூடாரம் அடித்தார்கள். பாலத்தடியில் கிடப்பவனைப் போலீஸ் எந்த முகவரியில் போய்த் தேடும்? மினசோட்டாவில் மறுபடி பாலியல் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை அந்த மாநிலச் சிறைத்துறையே ஆராய்ந்தது. குடியிருப்புத் தடை இருந்திருந்தால் இவற்றில் ஒன்றாவது நின்றிருக்குமா என்று பார்த்தது. ஒன்றுகூட இல்லை!

இன்னொன்று சொல்ல வேண்டும், கசப்பானது. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல், அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவனே குற்றவாளி. மாமன், பக்கத்து வீட்டுக்காரன், டியூஷன் வாத்தியார். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் பட்டியலைப் போலீஸ் மட்டும்தான் பார்க்க முடியும். அதையும் ஊருக்குத் திறந்துவிடச் சொல்கிறார்கள். சொந்த மாமன் பெயர் வெளியே வந்தால், பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பது தெருவுக்கே தெரிந்துபோகும். பிறகு எந்தத் தாய் புகார் கொடுக்கப் போவாள்?

அரசிடம் நாம் கேட்க வேண்டியது வேறு. டெப்போவில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பூட்டு. இரவில் பெண் போலீஸ். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கை, சட்டம் சொல்லும் ஒரே ஆண்டுக்குள் முடிக்கப் போதுமான நீதிமன்றங்கள். சிறையிலிருந்து வருகிறவனுக்கு ஒரு நிலையான முகவரி, அந்த முகவரிக்கு வாரம் தவறாமல் போகும் போலீஸ்காரர். இவற்றை எழுதிக் கொண்டு வாருங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.