தராசு பழுதென்றார் தீர்ப்பளித்தவர்!



நாடக மேடையிலே எத்தனையோ நீதிமன்றக் காட்சிகளை அமைத்திருக்கிறேன். கூண்டிலே நிற்பவன் குமுறுவான், கொட்டகை அதிரும். ஆனால், நீதிபதியே குமுறும் காட்சியை நான் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில், யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில், 2004 நவம்பர் 16 அன்று அந்தக் காட்சி மெய்யாகவே நடந்தது!

கூண்டிலே நின்றவன் வெல்டன் ஏஞ்சலோஸ். இருபது வயதைக் கடந்த இளைஞன். இசைத்தட்டுத் தொழில் செய்தவன். இரு மழலைகளின் தந்தை. செய்த குற்றம்? போலீசின் உளவாளியிடம் மூன்று முறை கஞ்சா விற்றான். ஒவ்வொரு முறையும் எட்டு அவுன்சு. இருமுறை கைத்துப்பாக்கி உடனிருந்ததாகச் சாட்சியம். வீட்டிலும் துப்பாக்கிகள் அகப்பட்டன. சுட்டானா? இல்லை. நீட்டி மிரட்டினானா? அதுவுமில்லை.

தண்டனை? 55 ஆண்டும் ஒரு நாளும்!

கணக்கைக் கேளுங்கள். போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தால் முதற் குற்றச்சாட்டுக்கு 5 ஆண்டு. அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்தே தீரவேண்டும் என்றது அன்றைய சட்டம். ஒரே வழக்கிலேயே இப்படி அடுக்கலாம் என்று 1993இல் உச்சநீதிமன்றமும் வழிவிட்டிருந்தது. ஐந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து: ஆக ஐம்பத்தைந்து! மற்றக் குற்றங்களுக்கெல்லாம் நீதிபதி சேர்த்தது ஒரே ஒரு நாள். தமக்கு உரிமையிருந்த இடத்தில் அவர் இட்ட அளவு அது!

விசாரணைக்கு முன்பு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு போதும் என்றது அரசுத் தரப்பு. அவன் மறுத்தான், குற்றச்சாட்டுகள் பெருகின. வழக்காடிய துணிவுக்கு விலை 40 ஆண்டா?

நீதிபதி பால் கேசல், குற்றவாளிகளிடம் குழைபவர் என்று பெயரெடுத்தவரல்லர். அவரே, இது அநீதி, கொடுமை, அறிவுக்கும் ஒவ்வாதது என்று தீர்ப்பிலே எழுதினார். அதே நாளில், மூதாட்டி ஒருவரை மரக்கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு அவர் விதித்தது 22 ஆண்டு! தண்டனையைக் குறைத்தருளுமாறு குடியரசுத் தலைவருக்கு அவரே பரிந்துரைத்தார்.

சிலம்பு உடைந்ததும் பாண்டியன் உயிர் துறந்தான். சட்டத்துக்கு உயிரேது துறப்பதற்கு? மனச்சான்றேது துடிப்பதற்கு?

மேல்முறையீடு சென்றது. முன்னாள் நீதிபதிகளும் முன்னாள் அரசு வழக்கறிஞர்களும் அவனுக்காகப் பரிந்து நின்றனர். 2006இல் மேல்முறையீட்டு மன்றம் தண்டனையை உறுதி செய்தது. உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்கவே மறுத்தது. ஆயினும் முறையீடு ஓயவில்லை. 2016இல் சிறைக்கதவு திறந்தது. 2018இல் சட்டமே திருத்தப்பட்டது: முன்பே தண்டனை பெற்றவன் மீண்டும் அக்குற்றம் செய்தால்தான் இனி அந்த 25 ஆண்டு. 2020இல் அவனுக்கு மன்னிப்பும் வந்தது. ஆனால், முன்னரே தண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் பொருந்தவில்லை. அவர்கள் முறையீடு தொடர்ந்தது.

கஞ்சாவும் துப்பாக்கியும் குடும்பங்களைக் குலைக்கவில்லையா என்பீர்கள். குலைக்கின்றன! தண்டனை வேண்டாமென்று யார் சொன்னது? அளவு வேண்டும் என்கிறோம். எடைபோட ஒருவரை அமர்த்திவிட்டு, அவர் கையிலிருந்து தராசைப் பறிப்பது நீதியாகுமா?

தோழர்களே! மேல்முறையீடு பிச்சையன்று, உரிமை. கூண்டிலே நிற்பவன் நல்லவனா என்று மட்டும் கேளாதீர்கள். கோல் நேராக இருக்கிறதா என்றும் கேளுங்கள்!