இடுக்கணிலும் நன்றி



எங்கள் தாமிரபரணிக் கரையூர்களில் கிறிஸ்தவ ஆலயங்களில் ஸ்தோத்திரப் பண்டிகை என்றொரு விழா உண்டு. அன்று மக்கள் தத்தம் விளைவில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவர். நெல், வாழைத்தார், கருப்புக்கட்டி, ஆட்டுக்குட்டி, கோழி எல்லாம் ஆலய முற்றத்தில் வந்து சேரும். பின்னர் அவற்றை ஏலம் விடுவர். சிறு வயதில் அவ்வேலமே எனக்குப் பண்டிகையாகத் தோன்றிற்று. விளைந்த ஆண்டில் நன்றி கூறுதல் எவர்க்கும் இயல்பே. விளைந்ததை வெள்ளம் கொண்டுபோன ஆண்டில் என்ன செய்வது? இவ்வினாவை நான் முழங்காலளவு சேற்றில் நின்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையினும் அது மிகுதி. ஆறு கரை கடந்தது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுவிட்டது. அண்டை ஊரார் தம்மிடம் இருந்ததைச் சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் என் பெரியம்மையின் வீட்டில் ஆளுயரத்திற்கு நீர் நின்றது. வாழைத் தோட்டம் அடியோடு சாய்ந்தது. கறவை மாடுகள் இரண்டும் போயின. நீர் வடிந்தபின் நான் சென்றபோது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்களே இருந்தன. எண்பது வயதை எட்டும் அம்மூதாட்டி ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "வா தம்பி, முதலில் ஸ்தோத்திரம் சொல்லுவோம், பிறகு சேற்றை அள்ளுவோம்" என்றார். எனக்குச் சினம் வந்தது. "எதற்காகப் பெரியம்மை ஸ்தோத்திரம்? மாடு போனதற்காகவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விடை கூறவில்லை. தாமே கண்களை மூடி ஜெபித்தார். பின்னர் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.

நான் கேட்டது தவறு என்று இன்றும் நான் எண்ணவில்லை. ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதைச் சுமந்து திரிந்த நாள்களில் டோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேல் அம்மையாரின் வரலாற்றை மறுபடியும் படித்தேன்.

அவர் 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாய்நாடு திரும்பவேயில்லை. பண்ணைவிளையில் தங்கி ஊர் ஊராய் மாட்டு வண்டியில் சென்றவர், 1901-இல் தம்மிடம் அடைக்கலமாக ஓடிவந்த ஒரு சிறுமியை ஏற்றுக்கொண்டார். அதிலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இல்லம் வளர்ந்தது. நம் நாட்டுச் சமயங்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய பிற்காலத்தைப் பற்றி.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் களக்காட்டில் மருந்தகத்திற்கென ஏற்பாடு செய்திருந்த வீட்டைப் பார்க்கச் சென்றார். அந்தி மயங்கும் நேரம். புதிதாக வெட்டியிருந்த குழியொன்று அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. விழுந்து காலெலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகிற்று. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றே எல்லோரும் நம்பினர். அவரோ, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல், 1951 ஜனவரி 18-இல் கண்மூடும் வரையில், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். வலி அவரை விட்டு நீங்கவில்லை; உறக்கமற்ற இரவுகளும் பல. அவ்வறையிலிருந்தே பத்துக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார்.

அந்நூல்களுள் 1933-இல் வெளிவந்த ஒன்று, அவர் நோயாளிகளுக்கு எழுதிய மடல்களின் தொகுப்பு. அதன் முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. நோயுற்றோர்க்கென்று நல்லோர் அனுப்பிய சிறு நூல்களை அவர் படித்துப் பார்த்தாராம், மனம் ஒட்டவில்லையாம். அவை நலமாக இருப்பவர் எழுதியவை என்பதே காரணம். இதைப் படித்தபோது என் சினத்தின் வேர் எனக்குப் புலப்பட்டது. துன்புறுகிறவனைப் பார்த்து, "நன்றி சொல்" என்று கரையில் நிற்பவன் கூறினால் அது கொடுமை. ஆனால் பெரியம்மை எனக்கு உபதேசம் செய்யவில்லையே! மாட்டை இழந்தவர் அவர். வாழையை இழந்தவர் அவர். இழக்காத நான்தான் அவருடைய ஸ்தோத்திரத்துக்குத் தடை சொன்னேன்.

தமிழாசிரியன் ஆகையால் மற்றொன்றும் எனக்குப் பட்டது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் நன்றி செலுத்துதலைப் பற்றிப் பவுலடியார் கூறும் இடத்தில், நம் தமிழ் வேதாகமம் ஏழாம் வேற்றுமையை ஆள்கிறது. நான்காம் வேற்றுமையாய் இருந்தால், நேர்ந்தது ஒவ்வொன்றின் பொருட்டும் நன்றி சொல்லவேண்டியிருக்கும். ஏழாம் வேற்றுமை இடத்தைக் குறிப்பது. எங்கே நிற்கிறாயோ அங்கே நின்று சொல் என்பது பொருள். வெள்ளத்தை நல்லது என்று கூறவேண்டிய கட்டாயம் அதில் இல்லை. யோபுவும் சங்கீதக்காரரும் கடவுளிடம் எவ்வளவு வழக்காடினர்! அவ்வழக்குகளை வேதாகமம் நீக்கிவிடவில்லை.

விபத்து நேர்ந்த அன்று காலையில், தம்மை மேலும் பயன்படத் தகுந்தவராக்க எதுவும் செய்யுமாறு கார்மைக்கேல் அம்மையார் கடவுளிடம் வேண்டினார் என்று அவர் வரலாறு கூறும். அதனால் கடவுளே அவரைக் குழியில் தள்ளினார் என்று சிலர் பொருள் கொள்வர். என்னால் அவ்வாறு கொள்ள இயலவில்லை. குழி வெட்டியவர் மனிதர்; மங்கிய ஒளியில் அது தெரியவில்லை. விழுந்தபின் அவர் எவரைப் பற்றிக்கொண்டார் என்பதையே நான் வியக்கிறேன். தம் கல்லறையில் கல் நாட்டலாகாது என்று அவர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீருண்ணும் தொட்டியொன்றை அங்கு வைத்து, "அம்மை" என்னும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

என் பெரியம்மையின் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற அளவைக் காட்டும் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரிடம் அவ்விடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாராம். ஏனென்று நான் கேட்கவில்லை. மறு ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அவர் கொண்டுவந்த காணிக்கை ஒரே ஒரு வாழைத்தார், அதுவும் சிறியது. ஏலத்தில் அதை நானே எடுத்தேன். விலை சற்று அதிகந்தான்.