நம் கூடத்துச் சுவரில் இருக்கும் சீன அரண்மனை
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது சமுதாயக் கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு சீன ஓவியம் மாட்டியிருக்கிறது. ஏரி நடுவே ஸ்வஸ்திக வடிவில் ஒரு கட்டடம். இங்கிருந்து குடிபெயர்ந்து போன குடும்பம் ஒன்று சங்கத்துக்குக் கொடுத்தது. பட்டுத்துணியில் கையால் வரைந்த நகல். "டூப்ளிகேட் படத்துக்கு எதற்குப் புதுக் கண்ணாடிச் சட்டம்? அந்த இடத்தில் நோட்டீஸ் போர்டு வைக்கலாமே" என்று போன கூட்டத்தில் ஒரு கருத்து வந்தது. நியாயமான கேள்விதான். பதில் சொல்லச் செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்.

முதலில், அது கற்பனைக் கட்டடம் அல்ல. பெய்ஜிங்கின் வடமேற்கே யுவான்மிங்யுவான் என்ற அரண்மனைத் தோட்டம் இருந்தது. 1707இல் காங்சி பேரரசர் தம் நான்காவது மகனுக்காகத் தொடங்கியது. அந்த மகன் யோங்செங்கும், பேரன் சியென்லோங்கும் வளர்த்துக்கொண்டே போனார்கள். ஒட்டியிருந்த இரண்டு தோட்டங்களையும் சேர்த்தால் சுமார் 860 ஏக்கர். நம் படத்தில் உள்ள இடத்தின் பெயர் வான்ஃபாங் ஆன்ஹே. எல்லாத் திசையிலும் அமைதி என்று பொருள். தண்ணீர்மேல் 33 அறைகள், ஒன்றோடொன்று கோத்தபடி. குளிர் காலத்தில் கதகதப்பு, கோடையில் குளுமை என்று யோங்செங்குக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஸ்வஸ்திகம் பௌத்தத்தோடு இங்கிருந்து போனது. யாரும் ஹிட்லரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சியென்லோங், தோட்டத்தின் 40 காட்சிகளைப் பட்டில் வரையச் சொன்னார். ஷென் யுவான், தாங்தாய் என்ற அரண்மனை ஓவியர்கள் வரைந்தார்கள். 1744இல் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஜோடியாக அரசரின் கவிதை ஒன்றும் உண்டு.

1860 அக்டோபரில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் உள்ளே புகுந்து சூறையாடின. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களைச் சீன அரசு சிறைப்பிடித்துச் சித்திரவதை செய்ததில் பலர் இறந்திருந்தனர். அதற்குப் பழியாக, அக்டோபர் 18 அன்று எல்ஜின் பிரபுவின் உத்தரவில் தீ வைத்தார்கள். இந்த எல்ஜின்தான் 1862இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவர். அந்தப் படையெடுப்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவும் இருந்தது. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதையும் அல்ல. (அங்கிருந்து கொண்டுபோன நாய்க்குட்டி ஒன்று விக்டோரியா ராணிக்குப் பரிசாகப் போனது. அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. வெட்கமே இல்லை.)

கட்டடங்களில் பெரும்பாலானவை மரம். எரிந்து போயின. மிஞ்சிய இடிபாடுகளில் கண்ணில் படுவது, ஓர் ஓரத்தில் ஐரோப்பிய பாணியில் கட்டிய கல் மாளிகைகள்தான். இன்று போகிறவர்கள் அந்தக் கல் தூண்களின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு, அரண்மனை முழுவதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துத் திரும்பக்கூடும். வான்ஃபாங் ஆன்ஹேயில் இருப்பதோ தண்ணீருக்குள் அடித்தளம் மட்டும். அதன்மேல் கூரை எப்படி நின்றது என்று தெரிய வேண்டுமானால் அந்த 40 ஓவியங்களைத்தான் பார்க்க வேண்டும். அவையும் கொள்ளையோடு போய், 1862 முதல் பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் வசம் இருக்கின்றன.

அதாவது, அந்த ஏரிக்கரையில் நிற்கும் பெய்ஜிங்வாசிக்கும் கிடைப்பது நகல்தான். நமக்குக் கிடைத்ததும் அதுவே.

"அச்சடித்த படம் போதாதா?" என்று கேட்பீர்கள். நிறத்தை அப்படியே காட்ட அச்சே மேல், மலிவும்கூட. ஆனால் கையால் எழுதுகிறவர் ஒவ்வொரு ஓட்டு வரிசையையும் மறுபடி கட்டியாக வேண்டும். சீனத்தில் நகலெடுப்பது மட்டமான வேலை அல்ல. 6ஆம் நூற்றாண்டில் சியே ஹே சொன்ன ஓவிய விதிகள் ஆறில் கடைசி விதியே முன்னோர் படைப்பை நகலெடுத்துக் கைமாற்றுவது. கட்டடம் வரைவதற்கென்றே அளவுகோல் வைத்துக் கோடிழுக்கும் தனி மரபும் உண்டு. கூரை விளிம்பு சற்றுக் கோணினாலும் கட்டடம் சாய்ந்துவிடும். நிறங்கள் பச்சைக்கல், நீலக்கல் பொடித்துப் பசையில் குழைத்தவை. சாயம்போல ஊறாமல் பட்டின் மேலேயே மெல்லிய அடுக்காக நிற்கும். நம் படத்தில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், அந்தப் பொடி மின்னும். மலைகளைக் கொஞ்சம் அவசரமாகத்தான் முடித்திருக்கிறார். கட்டடத்தில் அவசரமே இல்லை. 33 அறைகளையும் என் பேத்தி எண்ணிப் பார்க்க முயன்று இருமுறை தோற்றாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் முயலலாம்.

கல் பொடி நிறம் எளிதில் வெளுக்காது. பட்டுதான் வெயிலில் பழுத்து நொறுங்கும். மேற்குச் சுவரில் எதிர் ஜன்னல் வழியே காலை வெயில் நேராக விழுகிறது. ஆகவே நோட்டீஸ் போர்டு தாராளமாக அங்கே வரட்டும். படத்தை நூலக அறைக்குள், வடக்குச் சுவருக்கு மாற்றலாம் என்பது என் யோசனை. உங்கள் கருத்தை இம்மாத இறுதிக்குள் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.